உருளைக்கிழங்கு முத்திரை

12 ஜனவரி 2025

அன்பின் லூக்காஸ் அண்ணாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சுகம், வயிறுதான் சுகமில்லை. இந்தப் பள்ளியில் உருளைக்கிழங்கு காலையில் தப்பினால் மதியம் பிடிபட்டுவிடும். உன் பாடு எப்படி?

தாளில் கடிதம் கண்டதும் பயப்படாதே, ஒருவரும் சாகவில்லை. எங்கள் எஃப்டஸ்கோல விடுதிப்பள்ளியில் புது வருடத்தோடு புதுச் சட்டம். விடுதிப் பிள்ளைகளின் போன் எல்லாம் இரும்பு அலுமாரிக்குள் சிறை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிணையில் வெளியே வரும். அந்த ஒரு மணி நேரத்தையும் அம்மா "சாப்பிட்டியோ, ஜெபிச்சியோ, தலைக்கு எண்ணெய் வைச்சியோ" என்று கேட்டே முடித்துவிடுகிறா. அதனால்தான் பேனா. டெனிஷில் எழுதினால் என் அறைத்தோழி ஸ்ரெபானி நான் உறையை ஒட்ட முதலே வாசித்து விமர்சனமும் சொல்லிவிடுவாள். அதனால்தான் தமிழ். பத்து வருடமாக அப்பா நம் இருவரையும் கதிரையில் இருத்தி வேதாகமத்தைத் தமிழில் வாசிக்க வைத்ததற்கு இப்போதுதான் ஒரு பலன் கிடைத்திருக்கிறது.

கிறிஸ்மஸ் விடுமுறையில், நத்தார் ஆராதனையில் நான் சொன்ன சாட்சியை அப்பா இன்னும் மன்னிக்கவில்லையாம். எல்லாரும் எழும்பி கர்த்தர் செய்த நன்மையைச் சொன்னார்கள். நானும் எழும்பி, "பாஸ்ரரின்ரை பிரசங்கத்தை இண்டைக்கு நாப்பது நிமிசத்தில முடிக்கப்பண்ணின தேவனுக்கு நன்றி" என்றேன். இதில் என்ன பொய்? மேரிசெலின் அன்ரி சத்தமாக "ஆமென்" சொன்னா. பாஸ்ரர் பீற்றரே சிரித்தார்.

சபையில் சிரிக்காத ஒரே ஆள் நீ. வீட்டில் நின்ற மூன்று நாளும் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாய். மூன்று நாளும் பக்கம் 212. நான் எட்டிப் பார்த்தேன். என்ன வழக்கு அண்ணா? வழக்கம்போல "ஒண்டுமில்லை" என்று எழுதாதே.

அம்மா வேறு யாரையும் ஒளித்து வைத்திருக்காவிட்டால், உன் ஒரே தங்கை,
ஜெனனி

*

கொப்பன்ஹேகன்
30 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஜெனனிக்கு,

நான் நல்ல சுகம். நீ சுகம் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

ஒன்றுமில்லை என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். நீ முந்திவிட்டாய். ஆகவே சொல்கிறேன், உனக்கு மட்டும்.

முதலாம் வருடப் பாடங்களில் ஒன்று, ஒப்பந்தச் சட்டம், எனக்கு இரண்டு தடவை போய்விட்டது. மூன்று தடவைதான் எழுதலாம். கடைசித் தடவை ஜூனில். அதிலும் விழுந்தால் சட்டபீடம் என்னை வெளியே விட்டுவிடும். அப்பாவுக்குத் தெரியாது. நான் இரண்டாம் வருடத்தில் நன்றாக ஓடுகிறேன் என்றுதான் ஹேர்னிங் சபை முழுவதும் நினைத்திருக்கிறது.

பாடம் விளங்காமல் இல்லை. நவம்பருக்குப் பிறகு இந்த அறையை விட்டு வெளியே போக ஏலாமல் இருக்கிறது. எத்தனை நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை என்பது கடையில் வாய் திறக்கும்போதுதான் தெரிகிறது, குரல் வராது.

ஓகூஸ் சட்டபீடத்துக்கு இடமாற்றம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். இக்காஸ்டில் வீட்டில் இருந்துகொண்டு ரெயினில் போய்வரலாம். அம்மா சட்டி கழுவும் சத்தம் கேட்டால் எனக்குப் படிக்க வரும் போல இருக்கிறது. முதலாம் வருடம் முழுதும் தேறியவர்தான் கேட்கலாம் என்பது விதி. விசேட காரணம் இருந்தால் விதிவிலக்குக் கேட்கலாம். காரணம் எழுத ஒரு பெட்டி விட்டிருக்கிறார்கள். மூன்று கிழமையாக அது வெறுமையாகவே கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லூக்காஸ்

*

9 பெப்ரவரி 2025

அன்பின் அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அதிபரின் சைக்கிள் சுகமில்லை. அதைச் சமையலறைப் பிளாஸ்ரிக் தாளால் பொட்டலம் கட்டியவர் யார் என்று விசாரணை நடக்கிறது. சாட்சிகள் இல்லை. சந்தேகநபர் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். பிறகு கழிப்பறைக்குள் போய் அழுதேன், ஸ்ரெபானி கேட்க வெங்காயம் என்றேன். கழிப்பறையில் என்ன வெங்காயம் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

விசேட காரணம்தானே, நான் தருகிறேன். "கொப்பன்ஹேகனில் கறிவேப்பிலை வாடிப்போய்க் கிடைப்பதால் மனுதாரரின் மூளையும் வாடுகிறது." பிடிக்கவில்லையா? "மனுதாரருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளைக் கண்காணிக்காவிட்டால் யூலாந்துக் குடாநாட்டுக்கே ஆபத்து." இதற்கு அதிபர் சாட்சிக் கையெழுத்தே வைப்பார்.

பகிடி விட்டேன். கடையில் குரல் வரவில்லை என்று எனக்கு எழுதினாயே, அதையே எழுது. "எனக்குத் தனிய இருக்க ஏலாது." அவ்வளவுதான். அதைவிட விசேடமான காரணம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அப்பாவிடம் சொல்லேன். கோபிப்பார், உபவாசம் இருப்பார், பிறகு அழுவார். அதன் பிறகாவது நீ மூச்சு விடலாம்.

இடமாற்றம் ஏமாற்றம் ஆகாது, பார்.

உன் சட்ட ஆலோசகர்,
ஜெனனி

*

கொப்பன்ஹேகன்
10 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நல்ல சுகம். உனக்கு இருமல் என்று அம்மா சொன்னா, நின்றுவிட்டதா?

விண்ணப்பம் போய்விட்டது. பெட்டிக்குள் உன் வசனத்தைத்தான் டெனிஷில் எழுதினேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. இக்காஸ்ட் வீட்டு விலாசம் கொடுத்தேன். அவர்கள் மறுத்தால் இன்னொரு வழியும் உண்டு. இங்கே பதிவில் இருந்துகொண்டே ஒரு தவணை ஓகூஸில் விருந்தினர் மாணவனாக இருந்து படிக்கலாம். இரண்டுமே இல்லாவிட்டாலும் ஜூன் சோதனை இருக்கிறது. மூன்று கதவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் இடமாற்றம் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. "வீட்டை வாறாய்" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே சபையின் ஜெபக்குறிப்பில் என் பெயர் ஏறிவிட்டதாம்.

நீ சிரிக்கும் ஒரு விசயம். எனக்கு வரும் அரச தபால், பல்கலைக்கழகத் தபால் எல்லாம் போனில் ஒரு பெட்டிக்குள்தானே விழுகிறது. முப்பத்தியொன்று திறக்காமல் இருக்கிறது. திறக்கவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைக்கிறேன். கை போகிறது இல்லை. பதில் வந்தாலும் அது முப்பத்திரண்டாவதாகத்தான் இருக்கும்.

சட்டம் படிக்கிறவன் கடிதத்துக்குப் பயப்படுகிறான். சிரி.

அன்புடன்,
லூக்காஸ்

*

27 மார்ச் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம். இருமல் நின்றுவிட்டது. ஸ்ரெபானிக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் சிரிக்கவில்லை. முப்பத்தியொன்றா? எங்கள் தபால்காரன் கேட்டால் அழுவான். டென்மார்க்கில் கடிதம் போடுவதற்கே ஆள் இல்லையாம், ஜூனோடு சிவப்புப் பெட்டிகளைக் கழற்றப் போகிறார்களாம். நீ வந்ததைத் திறக்காமல் வைத்திருக்கிறாய். வராதவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம்.

நாளை மறுநாள் பள்ளியோடு நோர்வேக்கு, பனிச்சறுக்கு. பத்து நாள். போன் அலுமாரியிலேயே இருக்கும். நான் மலையால் உருளுவேன், அதற்கும் உருளைக்கிழங்குக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் உன் பயத்துக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு சின்னக் கத்தியும் பெரிய கிழங்கும் போதும். மற்றதைச் சொல்லமாட்டேன்.

திற அண்ணா. ஒன்றையாவது திற.

ஜெனனி

*

இக்காஸ்ட்
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

இயேசுவின் நாமத்தில் என் அன்பு மகள் ஜெனனிக்கு அப்பா ஜோர்ஜ் எழுதிக்கொள்வது,

நானும் அம்மாவும் தேவகிருபையால் சுகமே இருக்கிறோம். நீ நோர்வேயில் கைகால் முறியாமல் வர ஜெபிக்கிறோம். நீ வந்ததும் வாசிக்கட்டும் என்று இதைத் தாளில் எழுதுகிறேன். போனில் சொன்னால் இந்தச் சந்தோசம் காணாது.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். அண்ணாவின் பெயருக்கு ஓகூஸ் சட்டபீடத்திலிருந்து கடிதம். பிள்ளையின் கடிதத்தை உடைப்பது பிழைதான். அம்மாதான் "உடையுங்கோ" என்றா. கம்பள ஆலையில் இருபத்திரண்டு வருடம் நின்று பழகிய என் டெனிஷ் உனக்குத் தெரியும்தானே. முதல் வரியில் "ஒப்டேயெத்" என்று கண்டேன். ஆலைக் கழிப்பறைக் கதவில் ஆள் உள்ளே என்றால் சிவப்பில் தெரியும் சொல். மகன் உள்ளே போய்விட்டான் என்று விளங்கிவிட்டது. கீழே நீல முத்திரை. விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. எல்லாம் போனில் வருகிற இந்தக் காலத்தில் கர்த்தர் எனக்குத் தாளில் தந்தார்.

முதல் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இரண்டாம் பக்கம் முழுதும் பொடி எழுத்து, விதிமுறைகள் போல இருந்தது, அதை விட்டுவிட்டேன். உடனே போன் எடுத்தான். அழுதான். அவன் அழுது நான் கேட்டது அவனுடைய ஆறு வயதில். "வீட்டை வாறன் அப்பா" என்று மட்டும் சொன்னான்.

இன்று ஆராதனையில் சாட்சி சொன்னேன். பாஸ்ரர் கடிதத்தை வாங்கி முத்திரையில் கை வைத்து ஜெபித்தார். பெந்தெகொஸ்தே ஞாயிறு அண்ணா நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்று சபையார் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

நீயும் பகிடியைக் கொஞ்சம் குறைத்து அண்ணாவைப் போல வரவேண்டும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக,
அப்பா

*

9 ஏப்ரல் 2025

அண்ணா,

நேற்றுத்தான் நோர்வேயால் வந்தேன். அப்பாவின் கடிதம் என் கட்டிலில் கிடந்தது.

அந்த ஓகூஸ் கடிதத்தை எழுதியது நான்.

பள்ளி நூலகத்தில் அச்சடித்தேன். முத்திரையை உருளைக்கிழங்கில் வெட்டி நீல மையில் தோய்த்துக் குத்தினேன். ஏப்ரல் முதலாம் திகதி போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன், தபால் மூன்று நாள் பிந்திவிட்டது. அப்பா முதல் வரியில் துள்ளுவார், உனக்கு இரண்டு பக்கத்தையும் அனுப்புவார், நீ இரண்டாம் பக்கத்தில் பிடிபடுவாய் என்று நினைத்தேன். அங்கே, கீழே, விதிமுறைகளுக்கு நடுவில், உன் திறக்காத தபால் விசயம் அப்பாவுக்குப் பிடிபடக்கூடாது என்பதற்காக டெனிஷில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். "இது ஏப்ரல் பகிடி, எருமை. உன் தங்கைதான். ஒரு கடிதம் வந்தும் நீ சாகவில்லை பார். இப்போதே போய் அந்த முப்பத்தியொன்றையும் திற."

அதுதான் என் வைத்தியம்.

முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "இடத்தை உறுதிப்படுத்த, ஏழு நாட்களுக்குள் தற்போதைய பல்கலைக்கழகப் பதிவிலிருந்து விலகவும்." உண்மை மாதிரி இருக்கட்டும் என்று நானே இட்டது. அதைச் செய்யாதே. அண்ணா, தயவுசெய்து செய்யாதே.

அலுவலக போனில் உனக்கு ஐந்து தரம் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்தேன். அம்மா, "அப்பா கடிதத்துக்குச் சட்டம் போட ஹேர்னிங் போயிட்டார்" என்றா. சட்டம் படிக்கிற மகனுக்குச் சட்டம் போட்ட கடிதம் என்று என் வாய் தன்பாட்டில் பகிடி விட்டது. அம்மா சிரித்தா. உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

ஜெனனி

*

கொப்பன்ஹேகன்
2 மே 2025

ஜெனனி,

உன் கடிதம் வந்தபோது நான் விலகியிருந்தேன். ஏப்ரல் ஏழு, திங்கள் காலை. ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டு அடுத்ததை அழுத்தவேண்டும். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. விடுதி அறையையும் விட்டுவிட்டேன், ஜூன் முடிய வெளியேறவேண்டும்.

ஏன் நம்பினேன் என்று நீ யோசித்திருப்பாய். சட்டபீடம் தாளில் கடிதம் போடாது என்று எனக்குத் தெரியாதா? நான் என் தபாலைத் திறக்கவில்லை என்று கண்டுதான் வீட்டுக்குத் தாளில் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னை யாரோ தேடியிருக்கிறார்கள் என்று. அது எனக்குப் பிடித்திருந்தது. நான்கு நாள் நித்திரை கொண்டேன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

உன் கடிதம் வாசித்த அன்று பெட்டியைத் திறந்தேன். உன் வைத்தியம் பலித்தது. ஓகூஸின் உண்மையான பதில் மார்ச் இருபத்தியெட்டிலிருந்து அங்கே இருந்தது. விதிவிலக்கு இல்லை. ஆனால் மரியாதையாக எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: "ஜூன் சோதனையில் தேறினால் அடுத்த முறை விண்ணப்பியுங்கள், வரவேற்போம்."

ஜூன் சோதனை எனக்கு இனி இல்லை. பதிவில் இல்லாதவன் எழுத முடியாது. விருந்தினர் மாணவன் வழியும் இல்லை. விருந்தாளியாகப் போக ஒரு சொந்த வீடு வேண்டும், எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வீடில்லை. இங்கே பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்க் கதைத்துப் பார்த்தேன். அங்கிருந்த பெண் அன்பாகத்தான் கதைத்தாள். என் கையால் நான் விலகியதைத் திருப்ப விதியில் இடமில்லை, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும் என்றாள். நான் முதலில் உள்ளே வந்தது நேர்முகம் பார்த்து எடுக்கும் வழியால், அதற்கு மார்ச் பதினைந்தோடு முடிந்துவிட்டது. மற்ற வழிக்கு என் பள்ளிப் புள்ளிகள் காணாது.

உன்னில் பிழையில்லை என்று இந்த இடத்தில் எழுத இருந்தேன். மூன்று தரம் எழுதி வெட்டினேன். பிறகு ஒரு நாள் எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே.

லூக்காஸ்

*

8 மே 2025

அன்பின் அண்ணாவுக்கு,

நான் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீ உன் சுகம் பற்றி எழுதவேயில்லை. எப்போதும் எழுதுவாயே.

மூன்று கதவு என்று எழுதியிருந்தாய். மூன்றையும் நான் ஒரு கிழங்கால் பூட்டினேன்.

நான் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். போனில் இல்லை. பெந்தெகொஸ்தே ஞாயிறு, நீ சாட்சி சொல்ல எழும்ப முதல் நான் எழும்புவேன். சபைக்கு முன்னால் பொய்யாகிப் போனதைச் சபைக்கு முன்னாலேயே திருத்தவேண்டும். எல்லாரும் என்னைத் திட்டட்டும், அப்பா என்னோடு ஒரு வருடம் கதைக்காமல் இருக்கட்டும். திட்டு எனக்குத் தோசையைப் போல, எத்தனை வந்தாலும் உள்ளே போய்விடும். ஆனால் நீ அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. உன் சோதனை விசயத்தை நான் சொல்லமாட்டேன். கடிதம் போலி என்று மட்டும் சொல்வேன். அதன்பிறகு நீ மற்றதைச் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம்.

வேண்டாம் என்றால் எழுது. எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

ஸ்ரெபானி ஏன் நான் இப்போது ஒன்றும் செய்வதில்லை என்று கேட்கிறாள். அதிபரும் கேட்டார்.

உன்,
ஜெனனி

*

15 ஜூன் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

நீ எழுதவில்லை. ஆகவே எழும்பினேன். போன ஞாயிறு நடந்ததற்கு நீயும் சாட்சிதான், என்றாலும் எழுதுகிறேன். நீ முன்வரிசையில் இருந்தாய், உனக்குப் பின்னால் இருந்த முகங்களை நான்தான் பார்த்தேன்.

பாஸ்ரர் "லூக்காஸ் தம்பி, வாங்கோ" என்றதும் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"பாஸ்ரர், அந்தக் கடிதம் ஓகூஸால வரேல்லை. நான்தான் எழுதினனான்."

தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. அந்த ஒரு நொடி எல்லாரும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே.

"முத்திரையை உருளைக்கிழங்கில வெட்டினனான்."

முதலில் சிரித்தது மேரிசெலின் அன்ரி. பிறகு அந்த வரிசை, பிறகு மண்டபம் முழுதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ்ரர், "ஜெனனி, இண்டைக்கு எத்தினை நிமிசம் எண்டு சொல்லு பிள்ளை, அதுக்குள்ள முடிச்சிடுறன்" என்றார். இன்னும் சிரித்தார்கள். நான் "உண்மையாத்தான், உண்மையாத்தான்" என்றேன். ஒவ்வொரு "உண்மையாத்தானு"க்கும் சிரிப்புக் கூடியது. அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரு பிள்ளை. இவளுக்கு எப்பவும் பகிடி." அவர் முகத்தில் கோபமே இல்லை அண்ணா. சந்தோசமாக இருக்கும் மனிதருக்குக் கோபம் வராது.

பாஸ்ரர் உன்னிடம் விளையாட்டாகத்தான் கேட்டார். "என்ன தம்பி, தங்கச்சி சொல்லுறது மெய்யோ?"

நீ என்னைப் பார்த்தாய். அம்மாவைப் பார்த்தாய். அப்பாவை நீ பார்க்கவில்லை.

"இல்லை பாஸ்ரர். அவளுக்கு என்னில எரிச்சல்."

பிறகு உன் சாட்சி. நீ பொய் சொல்வாய் என்று காதைப் பொத்த நினைத்தேன். நீ கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நவம்பரில இருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒருத்தரோடயும் கதைக்க ஏலாமல் இருந்தது. ஏப்ரலில நாலு நாள் நித்திரை கொண்டன். வீட்டை வரலாம் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்தன்." அவ்வளவுதான் சொன்னாய். பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. ஒரு வார்த்தை பொய் இல்லை, எல்லாரும் பிழையாக விளங்கிக்கொண்டார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன், சிரித்தார்கள்.

கடிதத்துக்குப் பின்னால் இரண்டாம் பக்கமும் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அன்று அப்பா திருப்பிக் காட்டினார், பின்பக்க மட்டையைத் தானே ஆணி அடித்தாராம். எருமை என்ற சொல் உட்பட எல்லாம் சுவரில் தொங்குகிறது. நான் கழற்றட்டுமா? நீ சொன்னால் கழற்றுவேன்.

ஜெனனி

*

இக்காஸ்ட், வீடு
18 செப்டெம்பர் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

விடுதி வருடம் முடிந்து நானும் இப்போது வீட்டோடு. நீ மேல்மாடியில், நான் கீழே, நடுவில் பதின்மூன்று படி. இருந்தும் கடிதம் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் கதைக்கும் இடத்தில் எல்லாம் அப்பாவோ அம்மாவோ நிற்கிறார்கள். தெருமுனைச் சிவப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இதை உன் சாப்பாட்டுப் பையில் புட்டுப் பெட்டிக்குக் கீழே வைக்கிறேன். தபால் செலவு இல்லை.

நான் சுகம். நீ சுகமில்லை.

இன்று எனக்குப் பள்ளி இல்லை. காலையில் உனக்குப் பின்னால் அதே ரெயினில் ஓகூஸ் வந்தேன், கடைசிப் பெட்டியில். சட்டபீடத்துப் பக்கம் நீ போகவில்லை. துறைமுகத்தடியில் உள்ள நகர நூலகத்துக்குப் போனாய். கண்ணாடி ஓரம் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாய். நான் தூணுக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் நின்றேன். நீ பக்கம் திருப்பவில்லை. 212 தானா என்று கிட்ட வந்து பார்க்கத் துணிவு வரவில்லை. ஒரு கப்பல் வந்தது, போனது. பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் புட்டை வெளியே கொண்டுபோய்க் கடற்புறாக்களுக்குக் கொட்டினாய். மூன்றேமுக்காலுக்கு எழும்பி வீடு திரும்பும் ரெயினுக்கு நடந்தாய், வகுப்பு முடிந்த ஆள் மாதிரி.

சாப்பாட்டு மேசையில் அப்பா "இண்டைக்கு என்ன படிப்பிச்சவை வழக்கறிஞர் ஐயா" என்று கேட்டார். நீ கொலைக்கும் கைமோசக் கொலைக்கும், அதாவது நினையாமல் நடந்துவிடும் கொலைக்கும், உள்ள வித்தியாசம் சொன்னாய். அப்பா மெல்லுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் முத்திரை வெளிறத் தொடங்கிவிட்டது. வெயில் படுகிறது என்று அப்பா சட்டத்தை இருட்டுப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார்.

நான் ஒன்று கேட்கிறேன். இது ஐந்து வருடப் படிப்பு. ஐந்து வருடம் கப்பல் பார்க்கப்போகிறாயா? வா, இரண்டு பேருமாகச் சொல்லுவோம். நான் சொன்னால் சிரிப்பார்கள், நீ பக்கத்தில் நின்றால் சிரிக்கமாட்டார்கள். சட்டத்தைக் கழற்றி இரண்டாம் பக்கத்தை நானே அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். அதுவும் ஏலாது என்றால், அப்பாவுக்குச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிரு. ஆனால் எனக்கு உண்மையை எழுது. ஜனவரியில் எழுதினாய்தானே, உனக்கு மட்டும் என்று. அந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

பதிலை என் சப்பாத்துக்குள் வை.

உன் ஒரே தங்கை,
ஜெனனி

*

19 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கை ஜெனனிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. இன்று காலை விரிவுரை மண்டபம் நிறைந்திருந்தது, பிந்திப்போனதால் படியில்தான் இடம் கிடைத்தது. பேராசிரியர் நல்லவர், நகைச்சுவையாகக் கதைப்பார், உனக்குப் பிடிக்கும். மதியம் நான்கு பேராக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவின் புட்டை ரண்டர்ஸிலிருந்து வரும் ஒருவன் சுவை பார்த்துவிட்டு இன்னும் கேட்டான், கொஞ்சம் கூடக் கட்டித் தரச் சொல்லி அம்மாவிடம் சொல். ஒப்பந்தச் சட்டம் எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது. ஜனவரியில் சோதனை. பயம் ஒன்றும் இல்லை.

நீ உன் பள்ளியைப் பார். என்னைப் பற்றி யோசிக்காதே.

அன்புடன்,
லூக்காஸ்